பித்தளைப் பலகையில் இரண்டு எழுத்துக்கு இடம்

ஹெட்விக் நவ்ராட்டில் முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. ஒட்டாக்ரிங் பக்கம் சாவி வெட்ட, செருப்புக்குக் குதி வைக்க, கதவில் மாட்டும் பெயர்ப்பலகை செதுக்க எல்லாவற்றுக்கும் நான்தான். வியன்னாவில் பெயர்ப்பலகை செதுக்குகிறவன் பட்டினி கிடக்க மாட்டான். கூலி எழுத்துக்கு, இந்த ஊரில் பெயரைவிடப் பட்டம் நீளம். டாக்டர், மாகிஸ்டர், பொறியாளர், பொறியாளரைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் இஞ்சினியரம்மா. பேரரசர் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் ‘ஹோஃப்ராட்’, அதாவது அரசவை ஆலோசகர் என்ற பட்டத்தை அரசாங்கம் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எந்த அரசருக்கு ஐயா ஆலோசனை சொல்கிறீர்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

“பேர மட்டும் செதுக்குங்க,” என்றாள் ஹெட்விக். “முன்னாடி ரெண்டு எழுத்துக்கு இடம் விட்டுடுங்க.”

“என்ன எழுத்தும்மா?”

“எஃப், எம். ஃபிடே மாஸ்டர். அடுத்த வருஷம் வாங்கிடுவேன், வந்து போட்டுக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சேர்ந்திருந்த சதுரங்கக் கிளப்பில்தான் நானும் இருந்தேன், கடைசி மேஜையில், எல்லோருக்கும் புள்ளி வழங்கும் வள்ளலாக. உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடே ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு ரேட்டிங் வைத்திருக்கிறது. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். 2300ஐத் தொட்டால் ஃபிடே மாஸ்டர். அதற்கு மேலே சர்வதேச மாஸ்டர், அதற்கும் மேலே கிராண்ட்மாஸ்டர். ஆக, ஹெடி (கிளப்பில் ஹெட்விக்கை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டது மாடியைக்கூட இல்லை, மாடிப்படியை. அந்தப் படிதான் அவளை இருபத்தைந்து வருஷம் ஆட்டிவைத்தது.

முதல் தடவை அவள் 2300ஐ நெருங்கியது புடாபெஸ்டில். கடைசி ஆட்டத்தில் ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டுத் தோற்றாள். வந்த ஆத்திரத்தில் சட்டப் புத்தகங்களோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் வெளியே வந்தபோது சட்டத்தில் டாக்டர். அடுத்த சறுக்கலுக்கு வழக்கறிஞர் தேர்வு. அதற்கடுத்த சறுக்கலில் கோபம் இன்னும் அதிகம், வரி ஆலோசகர் தேர்வையும் எழுதித் தள்ளினாள். ஒரு வசந்த காலத்தில் மூன்று போட்டிகளில் வரிசையாக மண்ணைக் கவ்வினாள். அந்த வருஷம் முடிவதற்குள் நீதிமன்றத்தில் செக் நாட்டு மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனதோடு, டானூப் நதியில் படகோட்டும் உரிமமும் வேட்டை உரிமமும் கையில் வைத்திருந்தாள். கோழியைக்கூட அதட்டாதவளுக்கு எதற்கு வேட்டை உரிமம் என்று கேட்டேன். “தேர்வு இருந்துச்சு, ஃபெர்டி,” என்றாள்.

ஒவ்வொரு பட்டம் வரும்போதும் நான் உளியைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். “டாக்டர்னு போட்டுடவா? இடம் சரியா இருக்கு, ஹெடி.”

“அந்த இடம் அதுக்கு இல்ல.”

பலகை என் இழுப்பறையிலேயே கிடந்தது. அவள் வீட்டுக் கதவு மொட்டையாக இருந்தது. எதிர்வீட்டு இஞ்சினியரம்மா ப்ரோஹாஸ்காவுக்கு அது பொறுக்கவே இல்லை. அந்த அம்மாவுக்கு ஒரு திருகாணி முடுக்கத் தெரியாது. ஆனால் கதவில் அரை முழத்துக்குப் பலகை, நான் செதுக்கியதுதான். “டாக்டரம்மா, பாக்குறவங்க ஏதோ ஆளில்லாத வீடுன்னு நெனப்பாங்க. இவ்ளோ படிச்சுட்டு இப்படிக் கூச்சப்படலாமா?” என்று மாடிப்படியில் வழிமறித்துக் கேட்பாள்.

ஒருநாள் நானும் கேட்டேன். “மலை மாதிரி புத்தகத்தையெல்லாம் ஊதித் தள்ளுற. இது மட்டும் ஏன் உனக்கு இந்தப் பாடு?”

“கேள்வித்தாள் திருப்பி அடிக்காது, ஃபெர்டி,” என்றாள். “நான் ஒரு பதில் எழுதினா அது எந்திரிச்சு என் ராஜாவத் தேடி வராது. பரீட்சைல எல்லாரும் பாஸ் பண்ணாலும் நானும் பாஸ் பண்ணலாம். இங்க எனக்கு ஒரு புள்ளி வேணும்னா இன்னொருத்தன் பாக்கெட்லேருந்துதான் உருவணும். அவன் கைய வச்சுப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கான்!”

அது உண்மை. என்னிடம் பலகை செதுக்கிய டாக்டர்களில் ஒருவராவது, போன வாரம் சரியாக வேலை செய்யவில்லை என்று முக்கால் டாக்டராக இறங்கி வந்தது கிடையாது. ஹெடி இறங்கிக்கொண்டே இருந்தாள், ஏறிக்கொண்டும் இருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயதான செப்டம்பரில் வாஹாவ் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு வார இறுதிப் போட்டிக்குக் கிளப்போடு போனோம். எங்கள் கிளப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. போட்டி நடக்கும்போது யாரும் ரேட்டிங் கணக்குப் போடக் கூடாது, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தவன் எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும். கணக்குப் போட்டால் கை நடுங்கும் என்று நாங்கள் நம்பினோம்.

ஹெடி வெள்ளி மாலை ஜெயித்தாள். சனிக்கிழமை இரண்டையும் ஜெயித்தாள். மூன்றாவதாக அவளிடம் அகப்பட்டவர் ஹோஃப்ராட் ஸ்லாமா, ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, வேறொரு கிளப்பின் தலைவர், கழுத்தில் பட்டு முடிச்சு. எழுந்து நின்று, “ஃப்ராவ் டாக்டர், நான் சதுரங்கப் பட்டமில்லாதவங்ககிட்ட தோக்குற வழக்கமில்ல,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு ஒரே கும்மாளம். ஞாயிற்றுக்கிழமை ஹெடி இரண்டு ஆட்டத்தையும் தோற்றாள். கும்மாளம் அடங்கியது.

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஃபெர்டி, விமானம் ஓட்டக் கத்துக்கப் போறேன்.”

“அம்மா தாயே, அது மட்டும் வேண்டாம். ஆகாயத்துல நெலம மோசமானா டிரா கேக்க முடியாது.”

அவள் சிரிக்கவில்லை. “செவ்வாக்கிழமை வந்து என்கிட்ட இருக்கற கிளப் சாவியக் குடுத்துடறேன். சதுரங்கம் போதும். அந்தப் பலகைய உருக்கிடுங்க.”

செதுக்கிய பலகைகளிலேயே நான் ஆசையாகத் துடைத்து வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் சொன்னபடியே வந்து சாவியை மேஜைமேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. மழைச் சொட்டோடு ஹோஃப்ராட் ஸ்லாமா.

“ஃப்ராவ் டாக்டர் நவ்ராட்டில்! என்னோட ஆட்டம் முடிஞ்சப்ப உங்க ரேட்டிங் என்ன?”

“தெரியாது. நாங்க கணக்குப் போட மாட்டோம்.”

“நான் போட்டேன்! ரெண்டு நாளாத் தூக்கமில்லாம போட்டேன். ரெண்டாயிரத்து முந்நூத்தி ரெண்டு!”

“இருக்கட்டும் ஐயா. ஞாயித்துக்கெழமை அதெல்லாம் போச்சே.”

“போகட்டுமே!” என்று மேஜையைத் தட்டினார். அவர் சட்டவிதிகளை மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதுபோல் படிக்கிறவர். “விதி என்ன சொல்லுது? போட்டிக்கு நடுவுல ஒரு தடவ தொட்டாலும் தொட்டதுதான். அதுக்கப்புறம் தோத்ததப் பட்டத்துக்குக் கணக்குல சேர்க்க வேண்டியதில்ல. நடுவர்கிட்டயும் கேட்டுட்டேன். நான் தோத்தது சாதாரண வரி ஆலோசகர்கிட்ட இல்ல, ஒரு மாஸ்டர்கிட்ட! இத எழுத்துல வாங்காம நான் விட மாட்டேன்!”

ஹெடியின் முகம் சிவந்தது. “அது எப்படி? மறுநாளே விழுந்துட்டேனே. இது திருட்டுத்தனம் மாதிரி இருக்கு.”

“சட்டத்துல டாக்டர்தான நீங்க? இப்பப் போய் அந்தப் பரீட்சைய மறுபடி எழுதிப் பாஸ் பண்ணுங்க பாப்போம்!”

ஹெடி பழைய பாடங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ரோமானியச் சட்டம் என்று ஏதோ முணுமுணுத்தாள். பிறகு அவளுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீர் வழியச் சிரித்தாள், ஹோஃப்ராட்டின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவர் பட்டு முடிச்சு காதுப்பக்கம் போய்விட்டது. போட்டி முடிந்த பிறகு கணக்குப் பேசினாலும் குற்றம்தான் என்று யாரோ கத்த, எல்லோருக்கும் பீர் வாங்கும் செலவு ஹோஃப்ராட் தலையில் விழுந்தது. ஹெடி சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

விண்ணப்பம் போய், கேள்வி வந்து, ஹோஃப்ராட் நாலு பக்கத்துக்குப் பதில் எழுதி, பட்டம் உறுதியாகி வந்தது. இழுப்பறையிலிருந்து பலகையை எடுத்தேன். ஆயிரம் பலகை செதுக்கிய நான் அந்த இடத்தை மூன்று தடவை அளந்தேன். இரண்டே எழுத்துக்குக் காலைப் பொழுது முழுவதும் ஓடிப்போனது, கூலி வாங்கவில்லை.

அன்று மாலை லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டிடத்தின் நாலாவது மாடிக்குக் கிளப்பே மூச்சிரைக்க ஏறியது. ஒயின் புட்டிகள் கைமாறின. திருப்புளியை யார் பிடிப்பது என்று ஹோஃப்ராட்டுக்கும் எனக்கும் சண்டை. ஆளுக்கு இரண்டு திருகாணி என்று முடிவானது. பலகை நேராக நின்றது. ஹெடி அதன்மேல் விரலை வைத்துத் தடவினாள். “எவ்வளவு சந்தோஷமா இருக்குன்னு சொல்லத் தெரியல,” என்றாள். வீட்டுக்குள் போய் யாரோ அக்கார்டியனை எடுக்க, நடு அறையில் நாங்கள் முட்டிமோதி ஆடிக்கொண்டிருந்தோம்.

அப்போது வாசல் மணி அடித்தது. இஞ்சினியரம்மா ப்ரோஹாஸ்கா, கையில் இன்னும் சூடு ஆறாத குகெல்ஹுப்ஃப் கேக், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“பலகையப் பாத்தேன் கண்ணு,” என்றாள் மெதுவாக. “டாக்டர்னு இல்லையே... டாக்டர் பட்டத்தப் பிடுங்கிட்டாங்களா? மனசு கேக்கல. அதான் உடனே கேக் போட்டு எடுத்துட்டு வந்தேன்.”

ஹோஃப்ராட் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

ஹெடி அந்த அம்மாவைக் கேக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “இந்த ரெண்டு எழுத்துக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா!”

“அடப்பாவமே! கேஸு அவ்ளோ வருஷமா நடந்துச்சா?”

“நடந்துச்சும்மா,” என்றாள் ஹெடி. “கடைசில நான் ஜெயிச்சுட்டேன். உள்ள வாங்க, ஆடலாம்.”