பேஸ்காரர் பக்கத்து நாற்காலிகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் பாண்டிச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து விழுப்புரம் பேருந்து கிளம்பியது. அதில் நான் இருந்தேன். என் ஒன்பது வயது மகள் இல்லை. இது எனக்கு ஒன்றே முக்காலுக்குத்தான் தெரிந்தது. இடையில் இருந்த முப்பத்தைந்து நிமிடமும் டபுள் பேஸ் வாசிக்கும் ஒருவரின் இடது கைச் சுண்டுவிரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

டபுள் பேஸ் என்பது வயலினை ஆள் உயரத்துக்கும் மேலே வளர்த்துவிட்டதுபோல இருக்கும். ஜாஸ் குழுக்களில் அதை நின்றுகொண்டு, அணைத்துப் பிடித்து, விரலால் இழுத்து வாசிப்பார்கள். என் கணவர் அதை ஒரு சுவரொட்டியில் பார்த்தார். "இன்னா இது, பீரோவ கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறான்?" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதன் பெயர் பீரோ. "இந்த ஞாயிறு பீரோ கச்சேரியா?" என்று கேட்பார். ஆமாம் என்றால், இட்லி மாவு இருக்கிறதா என்று கேட்பார். அவருடைய எதிர்ப்பு அந்த அளவில் இருந்தது.

1993இல் ஆரம்பித்தது இது. நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தார். அவருக்குத் தெரிந்தவர் யாரோ பாண்டிச்சேரியில் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு அழைப்பிதழ்கள் கொடுத்தார். மெல்லிசை என்று நினைத்துப் போனோம். பாடகர் வருவார் வருவார் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பாடகர் கிடையாது என்று அக்காவுக்குப் புரிந்தபோது, பின்னால் நின்றிருந்த பேஸ்காரரைத் தவிர மற்ற எல்லோரும் வாசிப்பதை நிறுத்தினார்கள். அவர் மட்டும் தனியாக வாசித்தார். கூட்டத்தில் பாதிப் பேர் இதுதான் இடைவேளை என்று எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

நாங்கள் எழவில்லை. என் செருப்பின் அடியில் தரை அதிர்ந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எதிர் வரிசையில் கையில் மருந்துக்கடைப் பையோடு ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் வைத்திருந்தார்.

வெளியில் வந்ததும் அவரே வந்து பேசினார். "பாத்தீங்களா மேடம், அவுரு மேல இருந்து கீழ எறங்கி வந்தாரே, அந்த எடம்?"

"பாத்தோம் சார்" என்றோம். அவ்வளவுதான் அறிமுகம். திண்டிவனத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அன்றிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஜாஸ் குழு வருகிறது என்று யார் காதில் விழுந்தாலும் மற்ற இருவருக்கும் சொல்லிவிடுவது என்று ஆயிற்று. அவர் திண்டிவனத்திலிருந்து வடக்குச் சாலையில் வருவார். நாங்கள் விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் வழியாகப் போவோம். வாசலில் சந்திப்போம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாங்களும் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அவருக்கு மனைவி இருக்கிறார் என்பதே, அவர் கொண்டுவரும் மல்லாட்டை உருண்டையை, அதாவது வேர்க்கடலை உருண்டையை, வைத்து அக்கா ஊகித்ததுதான்.

எங்களுக்குச் சில பழக்கங்கள் உண்டாயின. முதலில் மேடையில் பேஸ் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்ப்போம். அந்தப் பக்கத்து நாற்காலிகளில்தான் உட்காருவோம். தனி வாசிப்பு வந்ததும் முன்வரிசைக்காரர்கள் டீக்கு எழுவார்கள். நாங்கள் அவர்கள் நாற்காலிக்குப் போவோம். அவர்கள் திரும்பி வந்து முறைப்பார்கள். அக்கா திருப்பி முறைத்ததில்லை, கண்டுகொண்டதும் இல்லை. டிக்கெட் கவுன்ட்டரில் இருபது வருடம் உட்கார்ந்தவர்.

முக்கியமான பழக்கம் மருந்துக்கடை சாருடையது. கச்சேரி முடிந்து பேருந்தில் ஏறியதும் கண்ணை மூடிவிடுவார். கேட்ட தனி வாசிப்பை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பார். திண்டிவனம் வரும்வரை திறக்கமாட்டார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் எல்லாம் கலைந்துபோகும் என்பார். இது நியாயமாகத் தோன்றியதால் நாங்களும் முயன்றோம். எனக்குக் கண்டமங்கலம்வரை வந்தது. அக்காவுக்குப் பேருந்து நிலையத்து வாசலோடு சரி.

என் மகளை ஆறு வயதிலிருந்து கூட்டிப்போனேன். முதல் நாளே விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன். பேஸ் தனியாக வாசிக்கும்போது பேசக்கூடாது. முடிந்த பிறகும் யாராவது கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் அவர்களைத் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. நானே வகுப்பில் அறுபது பிள்ளைகளை மேய்ப்பவள். சொன்ன விதியை அப்படியே பிடித்துக்கொள்கிற குழந்தை எனக்குப் பெருமையாக இருந்தது. கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிற விதியைச் சொல்லிக்கொடுத்தேனா என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

அந்த ஞாயிறு காலைக் கச்சேரி. மூன்று பேர் கொண்ட குழு. பேஸ்காரர் ஒல்லியானவர். கடைசிப் பாட்டில் தனியாக வாசிக்கும்போது, மேலே போய்க்கொண்டிருந்த சுண்டுவிரல் ஓர் இடத்தில் சறுக்கியது. பொருந்தாத ஒரு சுரம் கேட்டது. அவர் அதே சுரத்தை மறுபடி இரண்டு முறை வாசித்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"தப்பு வாசிச்சிட்டாரு, அத மறைக்கறதுக்கு மறுபடியும் வாசிச்சாரு" என்றார் அக்கா.

"இல்லக்கா, வேணும்னேதான் வாசிச்சாரு" என்றேன் நான்.

"வேணும்னே வாசிச்சவன் மூஞ்சி அப்பிடியா போவும்?"

"டீச்சர் சொல்றதுதான் சரி" என்றார் சார். "மூணு தடவ வந்துச்சுன்னா அது தப்பு கெடையாது."

"அப்ப நான் ஒருத்தனுக்கு மூணு தடவ தப்பா டிக்கெட்டு குடுத்தா?"

பேருந்து நிலையம்வரை இப்படியே நடந்தோம். மகள் இடையில், "அவரு சிரிச்சாரும்மா, நான் பாத்தேன்" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அக்காவை மடக்க வேண்டியிருந்தது.

திண்டிவனம் பேருந்து கிளம்பத் தயாராக இருந்தது. சார் கையசைத்துவிட்டு ஏறினார். பக்கத்திலேயே விழுப்புரம் பேருந்து நின்றது. நாங்கள் ஏறினோம். பேசிக்கொண்டே ஏறினோம். மகள் வழக்கம்போல ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். அங்கே ஒரு சின்னப் பெண்ணின் ரிப்பன் தெரிந்தது. டிக்கெட் எடுக்கும்போது நடத்துநரிடம் அந்த ரிப்பனைக் காட்டி அரை டிக்கெட்டும் எடுத்தேன்.

கண்டமங்கலத்தில் அந்த ரிப்பன் தன் தாயோடு இறங்கிப் போனது.

நான் கத்தவில்லை என்று அக்கா பிறகு சொன்னார். எழுந்து நின்று, "வண்டிய நிறுத்துங்க, என்னுது ஒண்ணு வுட்டுப்போச்சு" என்று சொன்னேனாம். நடத்துநர் பையா, குடையா என்று கேட்டாராம்.

அக்கா அதே வண்டியில் விழுப்புரம் போய் என் கணவரிடம் சொல்வது, நான் திரும்பிப் பாண்டிச்சேரி போய்த் தேடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தவர் அக்காதான். என்னைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

இரண்டரைக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். நாங்கள் நின்ற இடத்தில் வேறு பேருந்து நின்றது. இரண்டு தெரு தள்ளி, கச்சேரி நடந்த அரங்குக்கு ஓடினேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேஸ்காரர் பக்கத்து நாற்காலிகளை ஏற்கெனவே அடுக்கிவிட்டார்கள். கழிப்பறை, மாடிப்படி, பின்வாசல் எல்லாம் பார்த்தேன். மறுபடியும் பேருந்து நிலையம். அங்கிருந்த காவலரிடம் போனேன். பொறுமையானவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"குழந்த இன்னா கலர் டிரெஸ்மா போட்டிருந்தது?"

எனக்குத் தெரியவில்லை. காலையில் நான்தான் போட்டுவிட்டேன். யோசித்தேன். பேஸ்காரர் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவருடைய பேஸின் இடது தோளில் மரம் பெயர்ந்த வடு இருந்ததும், அது டிகாக்ஷன் நிறம் என்பதும் தெளிவாகத் தெரிந்தன. குழந்தை என்ன உடுத்தியிருந்தாள் என்பது மட்டும் வரவில்லை.

"பரவால்லம்மா, நெதானமா சொல்லுங்க" என்றார் அவர்.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. காவலருக்குப் பின்னால் ஒரு டெலிபோன் பூத் இருந்தது. எங்கள் வீட்டில் டெலிபோன் இருந்தது. நான் இரண்டே முக்காலிலிருந்து நான்குவரை அந்தப் பூத்தைக் கடந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தேன். அக்கா போய்ச் சொல்லியிருப்பார் என்று தெரியும். ஆனால் என் கணவரின் குரலைக் கேட்க வேண்டும், கிடைக்கவில்லை என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவரை அது நடக்கவில்லை என்று இருந்தது. இன்னும் ஒரு முறை நகரப் பேருந்துகள் நிற்கும் பக்கம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று ஆறு முறை நினைத்தேன்.

நான்கு மணிக்குப் பேசினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கெடைக்கலைங்க" என்றேன்.

"யாரு கெடைக்கல? அவ திண்டிவனத்துல கேப்பை அடை தின்னுக்கினு இருக்கா. ரெண்டே முக்காலுக்கே போன் வந்துடுச்சு. நீ எங்க போன? உன்னத் தேடிக்கினு அந்த மருந்துக்கடைக்காரரு பாண்டிக்கு பஸ் ஏறிட்டாரு."

பூத்துக்குள் உட்கார்ந்துவிட்டேன். வெளியில் இருந்தவர் கதவைத் தட்டினார். ஒன்றேகால் மணி நேரம். ஒரு எண்ணைச் சுழற்றியிருந்தால் அந்த ஒன்றேகால் மணி நேரம் எனக்கு வந்திருக்காது. மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது, சென்னையில் வேலை பார்க்கிறாள். போனை எடுக்கவில்லை என்றால் அந்த ஒன்றேகால் மணி நேரம் மறுபடி ஆரம்பிக்கிறது. "மீட்டிங்கில் இருந்தேன்மா" என்பாள். சரி என்பேன்.

நடந்தது இதுதான். தான் பார்த்த சிரிப்பைக் கேட்க நாங்கள் தயாராக இல்லாததால், அதை சாரிடம் சொல்லலாம் என்று மகள் அவர் பின்னால் ஏறியிருக்கிறாள். நாங்களும் ஏறுவோம், எல்லோரும் சார் வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்காருவதற்குள் சார் கண்ணை மூடிவிட்டார். விதி விதிதானே. வாயைத் திறக்கவில்லை. நடத்துநர் வந்து, "ஒண்ணும் ஒரு அரையுமா?" என்று கேட்டிருக்கிறார். சார் தனக்குள் ஓடிக்கொண்டிருந்த தாளத்துக்குத் தலையை ஆட்டியிருக்கிறார். ஒன்றும் ஒரு அரையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திண்டிவனத்தில் கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் என் மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். சார் முதலில், தூங்கிப்போய் விழுப்புரம் வந்துவிட்டோமோ என்று நினைத்தாராம்.

ஐந்தேகாலுக்கு விழுப்புரம் வந்தேன். பேருந்து நிலையத்தில் கணவரும் அக்காவும் நின்றிருந்தார்கள். சார் வீட்டிலிருந்து மறுபடி போன் வந்ததாம். சார் இன்னும் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பவில்லை, யாராவது குழந்தையைக் கொண்டுவருவார்கள் என்று மட்டும் சொன்னார்களாம். யாராவது என்றால் யார் என்று கேட்டேன். கணவருக்குத் தெரியவில்லை.

"பத்ரமா இருக்கான்னு சொன்னாங்க இல்ல? அப்புறம் இன்னா?" என்றார் அக்கா.

சொன்னார்கள்தான். நான் அவளைப் பார்க்கவில்லை. திண்டிவனத்திலிருந்து ஒரு பேருந்து வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. கூட்டேரிப்பட்டில் ஒரு லாரி குறுக்கே நிற்கிறது, வண்டிகள் மெதுவாகத்தான் வருகின்றன என்று அதில் வந்தவர் சொன்னார். லாரி எப்படி நிற்கிறது, எதன் மேலாவது மோதியிருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். என் கணவர் என் தோளைப் பிடித்து அவரைப் போகவிட்டார்.

"அவுரு வேணும்னேதான் வாசிச்சாரு, போதுமா?" என்றார் அக்கா, திடீரென்று. நான் அழுதது அப்போதுதான்.

ஆறு மணிக்கு மூன்றாவது பேருந்து வந்தது. கடைசியாக ஓர் அம்மாள் இறங்கினார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு கையில் மருந்துக்கடைப் பை. இன்னொரு கை என் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கையை அல்ல, மணிக்கட்டை, வளையல் போட்டதுபோல. அவள் பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தாள்.

நான் மண்டியிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் உடனே விடவில்லை. என்னை ஒருமுறை, அக்காவை ஒருமுறை, என் கணவரை ஒருமுறை பார்த்தார்.

"டீச்சர் நீங்கதானா?"

"நான்தாங்க. சாரு வீட்டம்மாவா நீங்க?"

"ஆமா. அவுரு இன்னும் உங்களத் தேடிக்கினு இருக்காரு."

அதன் பிறகுதான் விரல்களைத் தளர்த்தி, மகளின் மணிக்கட்டை என் கையில் வைத்தார்.

"இந்தாங்க. அடுத்த தடவ நானும் வர்றேன். எனக்குப் பாட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம். வாசல்ல ஒரு சேரு போடச் சொல்லுங்க. போறப்ப எத்தினி பேரு, வர்றப்ப எத்தினி பேருன்னு எண்ணிக்கினு உக்காந்திருக்கேன்."