அணைக்கல் மேல் ஒரு ஆடிக் குளியல்

எங்கள் ஊர் அணையைப் பார்த்துவிட்டு, "இதுவா அணை?" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். மேலூருக்குப் போகிற வழியில், ஓடைக்குக் குறுக்கே நெஞ்சு உயரத்துக்குக் கட்டிய கல்சுவர்தான் அது. இந்தக் கரையில் ஒருத்தி கேட்டால் அந்தக் கரையில் இருப்பவள் பதில் சொல்லிவிடலாம், அம்புட்டுத்தான் நீளம். ஆனால் அழகர்மலைப் பக்கம் பெய்கிற மழை அந்த ஓடையில்தான் வரும். வந்த தண்ணீர் எங்கள் அணையில் நின்று, எங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கீழே போகும்.

நான் மதுரை ஆரப்பாளையத்துப் பெண். வைகை மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்து வளர்ந்தவள். கலியாணமாகி வந்த மறுநாள் மாமியார் என்னை அணைக்குக் கூட்டிப்போய், "கல்லு மேல உக்காரு" என்றார். சுவரின் உச்சிக்கல் மனைப்பலகை மாதிரி அகலமாக, வழுவழுவென்று இருக்கும். காலைக் கீழ்ப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தால் தண்ணீர் முதுகில் வந்து முட்டி, இரண்டு விலாவிலும் வழிந்து, மடியில் விழுந்து கொட்டும். அந்தச் சுகத்தில் பிறந்த வீட்டுக்காக அழுது கொண்டிருந்த அழுகையே மறந்துபோனது. மதுரையிலிருந்து ஆட்கள் குதிரை வண்டி கட்டிக்கொண்டு இந்த அணைக்குக் குளிக்க வருவார்கள். கோயில் குருக்கள் வீட்டார் புளியோதரையோடு வருவார்கள். கோரிப்பாளையத்துப் பாய் வீட்டார் தேக்சாவோடு வந்து கரையிலேயே அடுப்பு மூட்டுவார்கள். பிள்ளைகள் பனைமட்டையில் உட்கார்ந்து பாசிபிடித்த சரிவில் வழுக்கி விளையாடும்.

விளையாட்டு ஒரு பக்கம். எங்களுக்குச் சோறு போட்டதும் அந்த அணைதான். பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு ஏறாது. அணைக்குத் தென்கோடியில் எங்கள் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் ஒரு படிக்கல் உண்டு. அணைக்கல்லுக்கு மேல் நாலு விரல் கனத்துக்குத் தண்ணீர் வழிந்தால்தான், அந்தப் படிக்கல்லைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்குள் ஏறும். அதற்குக் குறைந்தால் அத்தனையும் ஓடையில் எங்களுக்குக் கீழே இருக்கும் கீழூருக்கு. இது இரண்டு ஊரும் சாமி முன்னால் பேசிக்கொண்ட பேச்சு. "அணைக்கல் மேல் கல்லோ, மண்ணோ, பலகையோ, தழையோ வைக்கக் கூடாது." எழுத்தில் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. வாய்ப்பேச்சாக இருந்ததால் எனக்கும் மனப்பாடம்.

இரண்டாவது வருஷம் ஆனியில் முதல் மழையை நம்பி ஊரே சேர்ந்து நாற்றுப் பாவியது. வாய்க்காலை ஒட்டிய வயலில் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரே நாற்றங்கால். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் மலையில் மழை நின்றுவிட்டது. அணைக்கல்லில் இரண்டு விரல் தண்ணீர்தான் வழிந்தது. படிக்கல் காய்ந்து, வாய்க்கால் காய்ந்து, நாற்றங்கால் வெடித்து, நாற்று மஞ்சளாகிவிட்டது. மறுபடி பாவ எந்த வீட்டிலும் விதைநெல் இல்லை. அந்த நாற்றுப் போனால் அந்த வருஷமே போச்சு.

என் வீட்டுக்காரர் கீழூருக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். ரெண்டு நாளைக்கு ஒரு பலகை வைத்துக்கொள்கிறோம் என்றார். அவர்கள் கண்மாயில் தண்ணீர் கிடக்கத்தான் செய்தது. ஆனாலும் மாட்டோம் என்றுவிட்டார்கள். கீழூரில்தான் அவருடைய அக்காளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த வீட்டிலும் அதே பதில்தான்.

"கல்லுன்னா கல்லுதான், அதுக்கு மேல ஒரு துரும்பு இருக்கக் கூடாதுங்குறாக" என்று வந்து சொல்லிவிட்டு, தட்டில் கை வைக்காமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் குளிக்கப் போனோம். அணைக்கல்லில், வாய்க்கால் ஓரமாக ஒட்டி ஒட்டி உட்கார்ந்து முதுகு தேய்த்துக் கொண்டிருந்தோம். படிக்கல்லில் ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று அது துள்ளி ஓடியது. பார்த்தால் படிக்கல் ஓரம் நனைந்திருந்தது. நாங்கள் எழுந்ததும் கல் காய்ந்தது, ஓணான் வந்தது. மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். மறுபடி ஓடியது.

வீட்டுக்கு ஓடிவந்தேன். "அத்தை, நாம உக்காந்தா ஓணான் ஓடுது. எந்திரிச்சா வருது."

"ஓணானுக்கும் ஒனக்கும் என்னடி பேச்சு?"

"நாமதான் அத்தை பலக. கல்லு கூடாது, மண்ணு கூடாது, தழ கூடாதுன்னாக. பொம்பளை குளிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

மாமியார் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு ஆடிப் பதினெட்டு" என்றார். வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

விடிந்ததும் மஞ்சள், சீயக்காய், கட்டுச்சோற்றோடு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அணைக்குப் போனோம். கரையிலிருந்து கரைக்கு, தோளும் தோளும் உரச உட்கார்ந்தோம். முந்தானையை இழுத்து இடுக்குகளில் செருகிக்கொண்டோம். அப்படியும் நடுவில் நாலைந்து பேருக்கு இடம் மிச்சம். தண்ணீரெல்லாம் அந்த வழியாகப் பாய்ந்தது. நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது கரையில் குதிரை வண்டி வந்து நின்றது. கோரிப்பாளையத்துப் பெண்கள். அவர்களில் மூத்தவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன ஆத்தா, கல்லையெல்லாம் நீங்களே பிடிச்சுக்கிட்டா நாங்க எங்க குளிக்க?" என்றார்.

"நடுவுல எடம் ஒங்களுக்குத்தான் வச்சிருக்கோம். வாங்க, வாங்க!" என்றேன்.

அவர்கள் உட்கார்ந்ததும் தண்ணீர் எங்கள் முதுகில் விறுவிறுவென்று ஏறியது. படிக்கல் முங்கியது. வாய்க்காலில் சலசலவென்று சத்தம் கேட்டது. யாரோ குலவையிட, மொத்த அணையும் குலவையிட்டது.

கொஞ்ச நேரம்தான். ஓடையோரமாகக் கீழூர்ப் பெண்கள் திமுதிமுவென்று ஏறி வந்தார்கள். முன்னால் என் நாத்தனார்.

"ஏண்டி, ஆடிப்பெருக்குன்னு தொறைக்கு வந்தா காலு நனையத் தண்ணி இல்ல. அணைய அடச்சிட்டீகளா?"

"யாரு மதினி அடச்சா? கல்லு இருக்கான்னு பாருங்க, மண்ணு இருக்கான்னு பாருங்க. குளிக்கிறோம்."

"ஊரே சேந்தா குளிப்பீக?"

"நல்ல நாள்ல ஊரே சேந்து குளிக்காம, மொற வச்சா குளிப்பாக?"

மாமியார் குறுக்கே வந்தார். "ஏத்தா, ஒந் தம்பி ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நாத்து காயுது."

நாத்தனார் என்னை முறைத்தார். "ஒம் மருமகளுக்கு நாத்து பெருசா, நாத்தனா பெருசான்னு கேளு."

"நாத்து காஞ்சா திரும்ப வராது மதினி. நாத்தனா கோவிச்சுக்கிட்டுப் போனாலும் பொங்கலுக்கு வந்துருவாக" என்றேன்.

கீழூர்ப் பெண்களே சிரித்துவிட்டார்கள். நாத்தனார் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார், முடியவில்லை. "தள்ளி உக்காருடி" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் இறங்கினார். "நாத்து நனையுற மட்டுந்தான். அதுக்கு மேல ஒருத்தி உக்காந்திருந்தாலும் கொண்டையப் பிடிச்சு எழுப்புவேன்."

கீழூர்ப் பெண்களும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இப்போது ஊசி நுழைய இடமில்லை. பேச்சு, சிரிப்பு, கோரிப்பாளையத்து அம்மாள் கையால் ஆளுக்கொரு பேரீச்சம்பழம். நாற்றை யார் நினைத்தார்கள்?

தூரத்தில் புளியமரத்துக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் கத்துவது கேட்டது. பெண்கள் குளிக்கும்போது ஆண்கள் அந்த மரத்தைத் தாண்ட மாட்டார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

"என்னங்குறான் எந் தம்பி?" என்றார் நாத்தனார்.

"நாத்து மங்குதாம் மதினி. இன்னும் நெறம் வரலையாம்."

"அப்ப நெருக்கி உக்காருங்கடி!"

நெருக்கி உட்கார்ந்தோம். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். இன்னும் நெருக்கினோம். கடைசியில் பார்த்தால், துண்டைத் தலையோடு போர்த்துக்கொண்டு, முதுகை எங்களுக்குக் காட்டியபடி, ஒரு மனுஷன் பின்பக்கமாகவே நடந்து வருகிறார். நடந்து வந்தவர் கரை விளிம்பு தெரியாமல் வாய்க்காலுக்குள் தொபுக்கென்று விழுந்தார்.

"ஏண்டா, பின்னாலயே நடந்து எங்கடா போற?" என்றார் நாத்தனார்.

துண்டுக்குள்ளிருந்தே அலறினார். "அக்கா! நாத்து மங்கல அக்கா, முங்குது! மு! மு! மடைய அடச்ச மண்ணெல்லாம் கரஞ்சு போச்சு. வரப்ப வெட்டுனா நாத்து பேந்து வந்துரும். எந்திரிச்சுத் தொலைங்க!"

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். முதுகுக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த தண்ணீர் மொத்தமும் அணையைத் தாண்டிப் புரண்டு, கீழூர்த் துறையைப் பார்க்க ஓடியது. அங்கே முகம் தொங்க நின்ற ஆண்கள் மலையில் மழை பெய்துவிட்டதென்று துள்ளினார்களாம். நாத்தனார் கடைசிவரை அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

படிக்கல் வெளியே தெரிந்ததும் வாய்க்கால் அடங்கியது. நாற்றங்காலில் நின்ற தண்ணீரை ஆண்கள் மெதுவாக வடித்தார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். கிளிப்பச்சையாக நின்றது. என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார்.

மழை பிறகு ஒழுங்காக வந்தது. ஊர் முழுக்க நட்டும் நாற்று மிஞ்சியது. நடவுக்கு மறுநாள் நாத்தனார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எம் பங்கு எங்கடி?"

"ஒங்களுக்கு ஏது மதினி பங்கு?"

"உக்காந்தேன்ல?" என்றார். நல்ல நாற்று முடிச்சுகளாகப் பார்த்து அவரே எடுத்து வண்டியில் அடுக்கிக்கொண்டார். நான் இன்னும் இரண்டு முடிச்சு தூக்கிக் கொடுத்தேன்.