நான் வரையாமல் விட்ட கார்கள்

எங்கள் தெருவைப் புதுசாக்கப் போகிறார்கள் என்று முதலில் வந்து சொன்னவர் பூக்கார அம்மாதான். காலையில் கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக, “நடைபாதை போடறாங்களாம், மரத்தச் சுத்தி உக்கார மேடை கட்டறாங்களாம், லைட்டெல்லாம் மாத்தறாங்களாம்” என்று அப்பாவிடம் அடுக்கினார். அப்பா இஸ்திரிப் பெட்டிக்குள் கரியை விசிறிக்கொண்டே, “நல்லதுதானுங்களே” என்றார். அதில் சங்கடப்பட ஏதாவது இருக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பத்து வயது. தெருவுக்கு ஏதோ திருவிழா வருகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மைசூர் அக்ரஹாரத்தில் கோயிலுக்குப் பின்னால் போகும் தெரு அது. எங்கள் தெரு என்று சொல்லிக்கொண்டாலும் நாங்கள் குடியிருந்தது அதை ஒட்டிய சந்தில், ஒரு ஓட்டு வீட்டின் பின்பக்கத்து அறையில். தெருவில் எங்களுக்கென்று இருந்தது புங்க மரத்தடியில் நின்ற இஸ்திரி வண்டி ஒன்றுதான். கல்யாணமான புதிதில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்த நாளிலிருந்து அப்பா அந்த மரத்தடியை விட்டு நகர்ந்ததில்லை. வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவதும் தேய்த்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வண்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பக்கெட்தான் என் நாற்காலி. ஈரத் துணியில் சூடு படும்போது வரும் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் வாய்ப்பாடு படித்தேன்.

அந்தத் தெருவின் வீடுகள் எல்லாம் கார் வருவதற்கு முன்னால் கட்டியவை. கார்கள் பின்னால் வந்தன. வந்தவை வேறு வழியில்லாமல் தெருவில் நின்றன. இரண்டு பக்கமும் பாதிச் சக்கரம் சாக்கடை மூடிமேலும் பாதிச் சக்கரம் ரோட்டிலுமாக வரிசையாக நிற்கும். மாடி வீட்டு சாரின் வெள்ளைக் கார் மட்டும் எப்போதும் உறை போட்டபடியே இருக்கும். அதன்மேல் பூனை தூங்கும். பள்ளிக்கூடம் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் நடு ரோட்டில் ஸ்கூட்டர்களுக்கு வழி விட்டு விட்டு நடப்போம். தெரு என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

தசரா லீவில் கட்டடக்கலை படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கையில் அளக்கும் நாடா, கழுத்தில் அட்டை. தெருவில் இருக்கிறவர்களைக் கேட்டுத்தான் தெருவை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல. பெரியவர்களிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். சின்னவர்களைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு பெரிய தாள் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழியில் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் வரைய வேண்டும். நன்றாக வரைகிறவர்களுக்கு இருபத்துநாலு ஸ்கெட்ச் பேனா உள்ள பெட்டி பரிசு. கண்ணாடி போட்ட ஒரு அக்கா அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். மூன்று விதமான பச்சை இருந்தது. அதற்கப்புறம் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

வரைவதில் எனக்குக் கொஞ்சம் கை உண்டு. முதலில் புங்க மரம் வரைந்தேன். அதன் கீழே அப்பாவின் வண்டி. மடித்த துணி அடுக்கு. இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழும் புகை. பக்கத்தில் பூக்கார அம்மா, எதிரில் இளநீர் வண்டி, உடைந்த சாக்கடை மூடி, அதில் கால் மாட்டாமல் தாண்டும் ஒரு பையன். எல்லாம் நன்றாக வந்தன. பிறகு காருக்கு வந்தேன். கார் வரவில்லை. சக்கரம் வட்டமாக வந்தால் கதவு கோணிக்கொண்டது. கதவைச் சரி செய்தால் மொத்தமும் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஆனது. பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, “அது என்ன, எருமையா?” என்று கேட்டாள். தாள் நைந்து போகிற அளவுக்கு அழித்தேன். அந்த இடத்தில் புங்க இலைகளை அடர்த்தியாகக் கொட்டிவிட்டு மற்ற கார்களையும் விட்டுவிட்டேன். தெரு அகலமாக, சுத்தமாக வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது.

பரிசு எனக்குக் கிடைத்தது. கண்ணாடி அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். உடைந்த மூடியைத் தாண்டும் பையனைப் பார்த்துச் சிரித்தார். “ரொம்பச் சென்னாகிதெ, புட்டி” என்று, ரொம்ப நன்றாக இருக்கிறது குட்டி என்பதைப் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொல்லி, பெட்டியை என் கையில் வைத்தார். பெட்டியோடு ஓடியபோது அப்பா தேய்ப்பதை நிறுத்திவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேனாவாக எடுத்துப் பார்த்துத் திரும்ப அதே வரிசையில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. புதுத் தெரு எப்படி இருக்கும் என்று ஒரு நாள் மட்டும் எல்லாரும் இருந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. விடிகாலையிலேயே கார்கள் எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டன. தெருவின் இரண்டு முனைகளிலும் கயிறு கட்டினார்கள். சுண்ணாம்புத் தூளால் நடைபாதைக்குக் கோடு போட்டார்கள், பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். அப்பாவின் வண்டியையும் இளநீர் வண்டியையும் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் பின் சந்துக்குத் தள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். அப்பா தள்ளிக்கொண்டு போனார். நான்தான் முன்னால் ஓடிக் கல்லையெல்லாம் விலக்கிக் கொடுத்தேன்.

அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் அதற்கப்புறம் வந்ததில்லை. நடுத் தெருவில் பாண்டி ஆடினோம். யாருடைய சைக்கிளையோ வாங்கி முதல் தடவையாக விழாமல் ஓட்டினேன். வீட்டைவிட்டு வெளியே வந்தே பார்த்திராத வயதான மாமிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவின் குறுக்காகப் பேசிக்கொண்டார்கள். மத்தியானம் ஆட்டம் ஓய்ந்ததும் நாங்கள் நாலைந்து பேர் ரோட்டின் நடுவில் மல்லாந்து படுத்தோம். தார் இளஞ்சூடாக இருந்தது. கரண்டுக் கம்பிகளுக்கு நடுவே வானம் அவ்வளவு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா இடுப்பில் ஒரு மூட்டையும் தலையில் ஒரு மூட்டையுமாக அந்த வழியே போனாள். வண்டியைக் காணாமல் திரும்பிப் போனவர்களின் வீடுகளுக்கெல்லாம் காலையிலிருந்து அவளே போய்த் துணி வாங்கிக்கொண்டிருந்தாள். நான் படுத்தபடியே கை ஆட்டினேன். அவளுக்குக் கை ஒழிவில்லை.

சாயங்காலம் சாமியானாவுக்குக் கீழே கூட்டம். என் படத்தைப் பெரிதாக்கி ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். மாடி வீட்டு சார் மைக்கைப் பிடித்துக் கன்னடத்தில் பேசினார். நல்ல மனிதர். தெருவுக்குத் தண்ணீர் வராவிட்டால் போன் செய்து சத்தம் போடுகிறவர் அவர்தான். அன்று அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் கைமடிப்பு அப்பா வைத்தது. நடைபாதை நடப்பதற்குத்தான், அதில் வண்டியும் கடையும் இனிமேல் கூடாது என்றார். பிறகு என் படத்தைக் காட்டி, “பெரியவங்க சொன்னா சண்டைன்னு சொல்வீங்க. இந்தக் குழந்தை தினமும் நடக்கிற வழி இது. வழியில என்ன நிக்குதுன்னு அவளே போட்டிருக்கா பாருங்க” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது, பெருமையில்.

அப்போது பின்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து நான் பார்த்ததில்லை. ஹனூர்ப் பக்கத்துக் கன்னடத்தில் மெதுவாகத்தான் பேசினார்.

“நான் நிக்கிறது மரத்தடியில நாலடி சார். நடக்கறவங்களுக்கு வழி விட்டுத்தான் நிக்கிறேன். ரெண்டு பக்கமும் காருங்க நிக்கறதாலதான ஜனங்க ரோட்டுல இறங்கி நடக்கறாங்க. அத யாரும் பேசலீங்களே.”

கூட்டம் கொஞ்சம் சலசலத்தது. சார் கோபப்படவில்லை. கார் என்றைக்கோ ஒரு நேரம் நிற்கும், போகும் என்றார். வழியில் எப்போதும் நிற்பது எதுவோ அதைத்தான் குழந்தை வரைந்திருக்கிறது என்றார். கண்ணாடி அக்காவுக்கு அது சரியாகப் படவில்லை போலும். அவர் என் பக்கத்தில் வந்து மண்டி போட்டு, என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

“புட்டி, நீ வரையறப்ப இங்க கார் இருந்துச்சா, இல்லையா?”

எனக்கு வந்த முதல் நினைப்பு ஸ்கெட்ச் பேனா. கார் இருந்தது என்றால், பிறகு ஏன் வரையவில்லை என்று கேட்பார்கள். வரையத் தெரியவில்லை என்றால் பரிசைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். எருமையா என்று கேட்டவள் வேறு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே, “இல்லா அக்கா, இஷ்டே” என்றேன். இல்லை அக்கா, இவ்வளவுதான்.

அக்கா திரும்பிப் படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து போனார். சார் என் தலையைத் தடவினார். அப்பா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவர் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல, வண்டிக்கு வரும் துணியில் கிழிசல் இருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பாரே, அப்படி. பிறகு சாரைப் பார்த்து, “என் மக சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மழைக்காலத்துக்கு முன்பே நடைபாதை வந்தது. சொன்னபடி மரத்தைச் சுற்றி மேடையும் வந்தது. தெருவோரமாக வெள்ளைக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். அந்தக் கட்டங்கள் கார்களுக்கு. தெரு முனையில் என் படத்தை அச்சடித்த ஒரு பலகை வெகுநாள் இருந்தது. பூக்கார அம்மா மார்க்கெட் பக்கம் போய்விட்டார். அப்பா பின் சந்தில் ஒரு வருடம் நின்று பார்த்தார். அங்கே ஆள் நடமாட்டமே கிடையாது. பிறகு நாங்கள் மைசூரிலேயே விஜயநகர்ப் பக்கம் குடிபோனோம். அங்கே ஒரு அபார்ட்மென்ட்டின் மாடிப்படிக்குக் கீழே அவருக்கு இடம் கொடுத்தார்கள். காற்று வராத இடம். கரிப்புகை ஆகாது என்று மின்சாரப் பெட்டிக்கு மாறினார்.

என் ஒரு பொய்யால்தான் இத்தனையும் நடந்தது என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வளர்ந்து, நானும் ஆபீஸ்களில் நாலு கூட்டங்களில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அன்று சாமியானாவுக்குக் கீழே இருந்த ஒருவரைக்கூட நான் ஏமாற்றவில்லை என்பது. கார்கள் அவர்களுடையவை. காலையில் தாங்களே ஓட்டிக்கொண்டுபோய் மைதானத்தில் விட்டுவந்தவர்களுக்குத் தெருவில் கார் நின்றது தெரியாதா? கை தட்டுவதற்கு அவர்களுக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. பதில் சொல்ல அங்கே ஒரே ஒருவருக்குத்தான் வழி இருந்தது. தன் மகள் பொய் சொல்கிறாள் என்று அத்தனை பேர் நடுவில் அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். துணி கொடுக்கப் போயிருந்ததால் அவள் கூட்டத்துக்கு வரவில்லை. வழியில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“ஏனுங்க, எந்திரிச்சுப் பேசினீங்களாம். பாதியில உக்காந்துட்டீங்களாம். எதுக்குங்க?”

நான் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“பேசறதுக்கு ஒண்ணுமில்ல” என்றார் அப்பா. “அவங்க எல்லாரும் ஒண்ணா இருக்கறாங்க. நாம ஒத்தையாப் பேசி என்ன ஆவுது.”

“புள்ள படத்தத்தான் வெச்சுப் பேசினாங்களாமே?”

“ஆமா. பெருசா ஒட்டியிருந்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

அப்பா எதையும் கவனிக்கவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. களி என்றாலே முகத்தைச் சுளிக்கிறவள், அன்று இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.