என் காலளவில் இன்னொருவர்

எட்டாம் வகுப்புக்குப் போன வருடம் என் கால்கள் என்னைக் கேட்காமலேயே வளர்ந்துவிட்டன. உடம்பும் உயர்ந்ததுதான், ஆனால் கால்களுக்கு இருந்த அவசரம் அதற்கு இல்லை. ஏப்ரலில் கழற்றி வைத்த கறுப்பு ஷூவுக்குள், ஜூனில் பள்ளி திறந்தபோது குதிகால் நுழையவே மறுத்தது. அம்மா விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தாள். காலுக்குத் தடவுகிறாயா, ஷூவுக்குத் தடவுகிறாயா என்று கேட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

கோலார் தங்க வயலில் சுரங்கங்கள் வெள்ளைக்காரர்கள் கையை விட்டு சர்க்கார் கைக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் இருந்துகொண்டு கன்னியாஸ்திரீகளின் பெண்கள் பள்ளியில் மகளைச் சேர்த்தது அவருக்குப் பெரிய பெருமை. அந்தப் பள்ளியில் ஒரு விதி. கறுப்புத் தோல் ஷூ, மேலே ஒற்றை வார், பக்கவாட்டில் பக்கிள். அது இல்லாதவர்கள் காலைப் பிரார்த்தனைக்கு ஹாலுக்குள் வரக் கூடாது, வராந்தாவில் நிற்க வேண்டும். இதைத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஒழுங்கு என்றார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் வராந்தாவில் நல்ல கூட்டம், சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது. சம்பளம் வந்ததும் ஒவ்வொருத்தியாகப் புது ஷூவோடு உள்ளே போய்விட்டார்கள். வாங்க வழியில்லாதவர்களுக்கு, பெரிய பிள்ளைகள் விட்டுப்போன பழைய ஷூக்களைத் தலைமைக் கன்னியாஸ்திரீயான மதர் ஒரு அலமாரியில் வைத்திருந்தார், அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அலமாரியில் இருந்த அத்தனையையும் நான் போட்டுப் பார்த்தேன். ஏழைப் பிள்ளைக்குக் கூட அந்தப் பள்ளியில் ஒரு வழி இருந்தது, பெரிய கால் வைத்திருந்த பிள்ளைக்கு இல்லை. மாதம் முடிவதற்குள் அந்த நீள வராந்தாவில் நான் ஒருத்திதான் நின்றேன்.

நிற்பது கஷ்டமில்லை. உள்ளே வரிசையில் நிற்கும்போதுதான் பெண்கள் அன்றைய சங்கதிகளையெல்லாம் ஒருத்திக்கொருத்தி கிசுகிசுப்பார்கள், மதியம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் அங்கேதான் முடிவாகும். கதவு திறந்து வகுப்புக்குப் போகும்போது எல்லோரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வருவார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் கேட்டேன், பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். போன வருடம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் வேறொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். அந்தக் கதவுக்குள் போவதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. ராபர்ட்சன்பேட்டை கடைகளில் ஏறி இறங்கினோம். கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கி, கடைசியில் என் காலைப் பார்த்தபடி அம்மாவிடம் சொன்னார்:

“லேடீஸ்ல இதுக்கு மேல சைஸே கெடையாதுமா. ஜென்ட்ஸ்ல வேணும்னா காட்டட்டா?”

ஆண்கள் ஷூவில் வார் இல்லை, கயிறுதான். மதர் முடியாது என்றுவிட்டார். அடுத்த வருடம் வேறொரு மதர் வந்து அதே ஆண்கள் ஷூவுக்கு மறு பேச்சில்லாமல் அனுமதி கொடுத்தார், அது வேறு. அந்த வருடம் முடியாது என்றால் முடியாதுதான். அளவு கொடுத்துத் தைக்கச் சொன்னோம். முதல் மழையிலேயே உள்ளே வைத்திருந்த அட்டை ஊறி, முன்பக்கம் வாயைப் பிளந்தது. பெங்களூருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினோம், வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார்.

“கம்மல் வேணும்னு கேட்டாக்கூட எங்கனா பெரட்டி வாங்கியாந்துடுவேன். இந்தக் காலுக்கு நான் எங்கடி போவேன்?” என்றாள் அம்மா.

அப்பா தன் பழைய மைன்ஸ் பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். முன்னால் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ். அவருக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது எனக்குக் கச்சிதமாக இருந்தது. “பாரு, கல்லு உளுந்தாக்கூட ஒண்ணும் ஆவாது” என்றார். பள்ளியில் என் காலில் கல் விழப்போகிறதா என்ன! இருந்தாலும் போட்டுக்கொண்டு போனேன். சிமெண்டுத் தரையில் நான் வந்த சத்தத்தைக் கேட்டு ஒருத்தி “ஷிப்ட் வந்துடுச்சுடி” என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு லாரி என்று பெயர்.

அப்பா போட்டிருந்த புது பூட்ஸும் உதவாமல் போனதுதான் கொடுமை. ஜூலையில் சுரங்கத்துக்குள் கல் சரிந்து அப்பாவின் காலில்தான் விழுந்தது, ஆனால் பூட்ஸுக்கு மேலே, தொடையில். எலும்பு முறிந்து மைன்ஸ் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். பள்ளி விட்டதும் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை ஆயிற்று.

காலால் அவதிப்படுகிறவள் எல்லோருடைய காலையும்தான் பார்ப்பாள். அந்த வயதில் எனக்கு யாருடைய முகமும் சட்டென்று நினைவுக்கு வராது, கால் வரும். வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு வெள்ளை ஷூக்கள் என்னைக் கடந்து போயின. ஒற்றை வார், பக்கவாட்டில் பக்கிள். அந்த நீளத்துக்குப் பெண்கள் ஷூவை நான் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நெட்டையாக ஒரு நர்ஸ். ஆங்கிலோ இந்தியர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நர்ஸம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

சில நாட்கள் அந்த ஷூவைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“இன்னா பாப்பா, டெய்லி வந்து என் காலையே பாத்துகினு கீற? அவ்ளோ அழகாவா கீது?”

“இல்லம்மா. இந்த ஷூ எங்க வாங்கினீங்க?”

அவர் குனிந்து, அப்பாவின் ரப்பர் செருப்புக்குள் இருந்த என் கால்களைப் பார்த்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பக்கிளை அவிழ்த்து ஒரு ஷூவைக் கழற்றினார்.

“போட்டுப் பாரு.”

போட்டேன். கால் உள்ளே போயிற்று. விரல் நீட்ட இடம் இருந்தது, குதிகால் நழுவவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஸ்கூல்ல எனக்குப் படகுன்னு பேரு,” என்றார் அவர். “உனக்கு இன்னா வெச்சிருக்காளுங்க?”

“லாரி.”

“லாரி பரவால்ல. இந்த ஊர்ல படகை வெச்சிகினு நான் இன்னா பண்றது, சொல்லு?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். ஆஸ்திரேலியாவில் இருந்த அண்ணன் இரண்டு ஜோடி அனுப்பியிருந்தாராம். ஒரு ஜோடி பெட்டியில் சும்மா தூங்குகிறது என்று மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்காகச் செய்த ஷூ, அடிப்பாகம் அசைந்து கொடுக்காது. கடையில் கறுப்புச் சாயம் ஏற்றி வாங்கினோம். மழை பெய்தால் மடிப்புகளில் வெள்ளை எட்டிப் பார்க்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிஷ் போட்டு மூடிவிடுவேன்.

மதர் குனிந்து பார்த்தார், தலையசைத்தார். ஹாலுக்குள் போய்விட்டேன்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனே, அது நடக்கவில்லை. நெட்டை என்பதால் கடைசியில் நின்றேன். முன்னால் நடக்கும் கிசுகிசு இப்போது காதில் விழுந்தது, ஆனால் எனக்காக யாரும் அதைச் சொல்லவில்லை. நான் இல்லாமல் அவர்கள் பழகிவிட்டிருந்தார்கள். அதற்கு ஷூ என்ன செய்யும்?

அதையும் நர்ஸம்மாவிடம்தான் சொன்னேன். அப்பா வீட்டுக்கு வந்த பிறகும், மாத்திரை வாங்கப் போகிறேன், டானிக் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு ஓய்வு கிடைக்கும்போது பெஞ்சுக்கு வருவார். இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து ஊரையே திட்டுவோம். கடைக்காரர்களைத் திட்டுவோம், இந்தக் காலுக்கு எவன் மாப்பிள்ளை வருவான் என்று குழாயடியில் கேட்கிறவர்களைத் திட்டுவோம். அவரையும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள், இங்கிலீஷில். அவருக்கு மாப்பிள்ளை வரவில்லை. அம்மாவோடு தனியாகத்தான் இருந்தார். அவருக்கும் அந்த பெஞ்சில் உட்கார என்னைவிட்டால் வேறு ஆள் இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நான்கு ஷூக்கள், அவருடையது வெள்ளை, என்னுடையது கறுப்பு, மற்றபடி ஒரே அச்சு. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சொன்னார். அண்ணன் கூப்பிட்டுவிட்டாராம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மார்ச்சில் கப்பல் ஏறுகிறாராம். அந்தச் சமயத்தில் ஆங்கிலோ இந்தியர்களில் பல குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

பொங்கல் வாக்கில் வலது ஷூ பிடிக்க ஆரம்பித்தது, பிறகு இடதும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சாக்ஸின் முனையைக் கத்தரித்துப் பார்த்தேன், விரல்களைச் சுருட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிற்று. மறுபடி வராந்தாவுக்குப் போக வேண்டுமே என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதற்காக மட்டும் நான் அந்த வலியைப் பொறுக்கவில்லை. இந்த ஊரில் என் அளவில் இருந்தவர் அவர் ஒருவர். அவரையும் தாண்டி என் கால் வளர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் துணிவில்லை. அவர் போகிற வரைக்குமாவது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கால் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் பெஞ்சுக்குப் போனேன். நான் தூரத்திலிருந்து நடந்து வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எங்க, கழட்டு அதை.”

“ஒண்ணுமில்லம்மா.”

“கழட்டுன்றேன்.”

அவரே குனிந்து பக்கிளை அவிழ்த்தார். சாக்ஸோடு நகமும் வந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். மெதுவாகக் கேட்டார்:

“எத்தினி நாளா இப்டி?”

“பொங்கல்லருந்து.”

“ஏன்டி சொல்லல? வேற எதுனா பாத்திருப்பேனே.”

“உங்க காலும் என் காலும் ஒண்ணுன்னு இருந்துச்சும்மா. சொன்னா அதுவும் பூடும்.”

அவர் எழுந்து உள்ளே போய்த் தட்டில் மருந்தும் பஞ்சும் எடுத்து வந்தார். என் இரண்டு கால்களையும் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கழுவி, மருந்து போட்டு, கணுக்கால் வரை கட்டினார். கட்டி முடித்த பிறகும் கால்களைக் கீழே இறக்கவில்லை. அவர் அழுதார், நானும் அழுதேன். வார்டுக்குப் போகிறவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

“காலைல வண்டி,” என்றார் கடைசியில். “உங்க ஸ்கூல் பின்னாடிதான் போவும். அப்ப நீ உள்ள பாடிகினு இருப்ப.”

மறுநாள் அம்மா போக வேண்டாம் என்றாள். கட்டின் மேல் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன். பிரார்த்தனை மணி அடித்தது. மதர் ஹால் வாசலில் நின்று என் கால்களைப் பார்த்தார். அந்த வருடத்தில் முதல் தடவையாக அவர் முகம் இளகியது.

“கட்டுப் போட்டிருக்கிறாயே. பரவாயில்லை, இன்று ஷூ இல்லாமல் உள்ளே போ.”

“வேணாம் மதர். நான் வெளியவே நிக்கறேன்.”

திமிர் என்று நினைத்திருப்பார். உன் இஷ்டம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. வராந்தாவின் பின்பக்க ஓரத்துக்கு நடந்து போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் வந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். எந்தப் பெட்டி என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை எல்லாவற்றுக்கும் கையை ஆட்டினேன். கடைசிக்கு முந்தைய பெட்டியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, வளைவு திரும்பும் வரை ஆடிக்கொண்டே போயிற்று. அது அவருடைய கைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலாக இருந்தால் தெரிந்திருக்கும்.