அட்டையை மாட்டிக்கொண்டு பேசியவன்

எங்கள் சாப்பாட்டுச் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி இந்த ஆண்டு என்னைக் கேட்டார்கள். தொடங்கிய நாளிலிருந்து குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மதியம், ராயபுரத்தில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியறையில் கூடுவோம். என்னைப்போல் மணலி ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள், எண்ணூர்ப் பக்கம் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர், கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற எங்கள் தலைவர். முதலில் சாப்பாடு. பிறகு ஒருவர் ஏதாவது ஒரு தலைப்பில் பேச, மற்றவர்கள் அதைப் பிய்த்து எடுப்போம்.

போட்டி ஆலைக்காரர்கள் ஒரே மேசையில் உட்காருவதால் ஒரு விதி வைத்திருந்தோம். படியேறி வந்ததும் கழுத்திலிருக்கும் ஆலை அடையாள அட்டையைக் கழற்றி, கதவருகே உள்ள காலித் தயிர் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அதன்பின் யாரும் தன் ஆலையைப் பற்றிப் பேசக் கூடாது. அந்த விதியை எழுத்தில் வடித்தவன் நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சங்கத்தில் எனக்கு மிக நெருங்கியவன் கொருக்குப்பேட்டைக்காரன். ஒரு தனியார் ரசாயன ஆலையில் ஷிப்டுப் பொறுப்பில் இருந்தான். ஒரு சனிக்கிழமை, சாப்பாடு முடிந்து பேச்சு தொடங்கும் முன் அவன் எழுந்து போனான். கை கழுவப் போகிறான் என்று நினைத்தோம். தயிர் டப்பாவில் கையை விட்டுத் துழாவித் தன் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அவன் பிரிவில் அம்மோனியா கசிந்தால் ஒலிக்க வேண்டிய மணியை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அடிக்கடி அடித்து வேலையைக் கெடுக்கிறது என்பது காரணம். மேலதிகாரியிடம் இரண்டு தடவை வாயால் சொல்லிவிட்டானாம். காகிதத்தில் எழுதித் தரவேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமு, இத்த எழுதிக்கோ."

நான் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். தலைவர், விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்றார். மின்நிலையக்காரர், அப்படியானால் இனி ஹெல்மெட்டோடு சாப்பிட வரலாமா என்று கேட்டார். சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் அட்டையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் காலை வழக்கம்போல் துண்டுக் காகிதத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் திருத்தமாக எடுத்து எழுதினேன். அந்த இடம் வந்ததும் பேனா நின்றது. விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். குறிப்பேட்டை உறுப்பினர்கள் வாங்கிப் படிப்பார்கள், விஷயம் வெளியே போகும். எழுதியது யார் என்று என் ஆலையில் கேட்பார்கள். அந்த வரிகளை விட்டுவிட்டுத் துண்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

சில மாதம் கழித்து அவன் பிரிவில் வாயு கசிந்தது, அந்த மணி ஒலிக்கவே இல்லை. உயிர்ச்சேதம் இல்லை. மூட்டை ஏற்றுபவர்கள் சிலரை மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். ஷிப்டு அவனுடையது. மணி நின்றிருந்ததை அவன் யாரிடமும் சொல்லவே இல்லை என்று நிர்வாகம் சாதித்தது.

விசாரணைக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே கேட்டான்.

"அன்னிக்கு நான் சொன்னது நோட்ல கீதா?"

குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த நாளின் பக்கத்தை அவனே புரட்டி எடுத்தான். வந்தவர்கள் பெயர், மழை தொடங்கிய நேரம், பிரியாணி, தாள்சா, சுறாப்புட்டு, வால்நட்சத்திரம் பற்றிய பேச்சு. அவன் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி அடிவரை போயிற்று.

நோட்டில் இல்லாவிட்டாலும் நான் சொன்னதை உன் காதால் கேட்டாயே, விசாரணையில் வந்து சொல்லு என்றான். எழுத்தில் இல்லாததை நான் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டேன். எழுத்தில் இல்லாமல் செய்தவன் நான்தான். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இன்றுவரை என்னைக் கூசவைப்பது அதுதான். வேறு யாரும் போய்ச் சொல்லவில்லை. அவன் வேலை போயிற்று. சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அதற்கு அடுத்த கூட்டத்தின் குறிப்பில் "உறுப்பினர் ஒருவர் வரவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

வரலாறு எழுதப் பழைய குறிப்பேடுகளைப் புரட்டியபோது மீண்டும் அந்தப் பக்கம் வந்தது. எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டைக்குப் போனேன். கேன் தண்ணீர் நிரப்பும் ஓர் இடத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறான். அந்தத் துண்டுக் காகிதத்தைப் பற்றி அன்றுதான் முதல்முறையாக அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பக்கத்தைப் படித்தான்.

"சுறாப்புட்டுல உப்பு கம்மின்னு கூட எழுதிகீறியே, மாமு."

வரலாற்றில் நடந்ததை முழுதாக எழுதப் போகிறேன், உன் சம்மதம் வேண்டும் என்றேன். அவன் அடுத்த கேனிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் பிடித்தான். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"என் பேரு வாணாம். நீ இன்னா பண்ணேன்னு எழுது."

எழுதினேன். அந்த மாதத்துக்கு வரலாற்றில் இப்போது ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. அச்சில் வந்தால் போதும், கூட்டத்தில் வாசிக்க வேண்டாமே என்றார் தலைவர். போன இரண்டாம் சனிக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் வாசித்தேன். எதையும் பிய்த்து எடுக்கிறவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதையும் அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.