கோட் போட்ட பிரதம விருந்தினர்

எனக்குக் கூடைப்பந்து தெரியும் என்று மொன்றியலில் நான் சொல்லாத ஆள் இல்லை. அது பொய்யும் இல்லை. மட்டக்களப்பில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அந்தப் பந்து பாடப் புத்தகத்துக்கு முன்னமே கைக்கு வந்துவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரிமார் பழக்கிவிட்ட பழக்கம். ஆனால் அந்தப் பள்ளிக்கூட அணியிலும் நான் மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் இருந்தவன்தான். அந்த விபரத்தை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அண்ணனும் நானும் ஒரு அறையில் இருந்தோம். எனக்கு முன்னே வந்த அண்ணன் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். அவருடைய உழைப்பில் சாப்பிட்டுக்கொண்டு நான் கல்லூரிக்குப் போனேன். கல்லூரி அணிக்கு ஆள் போதாததால் என்னையும் சேர்த்தார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அணியில் மற்றவர்களோடு கதைக்க நான் அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்தப் போட்டிப் பருவம் முழுவதும் வாங்கில் இருந்து கைதட்டினேன், வேர்வை துடைக்கத் துவாய் எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டிலும் என்னை மிஞ்ச ஆளில்லை.

பனி உருகத் தொடங்கிய நேரம் அண்ணனுடைய வேலையிடத்தில் ஒரு ஆளுக்கு இடம் வந்தது.

"தம்பி, நீ படிக்கிறியா பந்தடிக்கிறியா எண்டு எனக்கு விளங்குதில்ல. சுப்பவைசரிட்டச் சொல்லி வெச்சிரிக்கன். வேலைக்கு வா" என்றார்.

படிப்பை ஒருமுறை விட்டவன் திரும்பிப் போவதில்லை. எங்கள் கட்டடத்திலேயே அப்படி எத்தனை பேர் இருந்தார்கள். நல்ல காலம், அதே கிழமை பயிற்சியாளர் எங்களைக் கூப்பிட்டு, பருவம் முடிந்தபின் ஒரு சுற்றுப்போட்டி இருக்கிறது, எங்கள் அணிக்கும் அழைப்பு வந்திருக்கிறது என்றார். அது முந்தின வருடம் தொடங்கி, நாங்கள் விளையாடிய வருடத்தோடு நின்றுபோன போட்டி. நின்றதற்கு நான் காரணமில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

எங்கள் ஊரில் பருவம் முடிந்தபின் அழைப்பு வந்தால் அது வென்றவனுக்குத்தான் வரும். தோற்றவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். எங்கள் அணி தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றையும் மிகக் கிட்ட இருந்து பார்த்தவன் நான். இருந்தும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மற்றவர்கள் எங்களைவிட மோசமாகத் தோற்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணன், பெரிய போட்டிக்கு எங்களக் கூப்பிட்டிரிக்காங்க. இந்த நேரத்தில படிப்ப விட்டா எப்படி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, நானும் வந்து பாக்கன். பாத்துப்போட்டு மறுகா சொல்லுறன், படிப்பா வேலையா எண்டு."

போட்டியன்று உடுப்பு மாற்றும் அறையில் பயிற்சியாளர் பேசினார். இங்கே வந்திருக்கும் அணிகளில் ஒன்றுகூட இந்தப் பருவத்தின் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை, நாமும் அப்படித்தான், இதிலாவது மானத்தைக் காப்பாற்றுவோம் என்றார். மற்றவர்கள் சாதாரணமாகச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது முதலே தெரியும். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வதற்கு இந்த ஊரில் ஒரு கோப்பையே வைத்திருந்தார்கள்.

மண்டபத்தில் பாதிக்குமேல் வெறும் கதிரைகள். அண்ணன் முன்வரிசையில் இருந்தார். அகதி விசாரணைக்கென்று வாங்கிய கோட்டைப் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார். இரண்டு அணியும் வரிசையில் நின்றபோது அவர் எழும்பி மைதானத்துக்குள் வந்தார்.

ஊரில் ஆட்டம் தொடங்குமுன் பிரதம விருந்தினர் வந்து விளையாட்டுக்காரருக்குக் கைகொடுப்பது வழக்கம். அண்ணன் சுற்றிப் பார்த்திருக்கிறார். கோட் போட்டவர் வேறு ஒருவரும் இல்லை. ஆகவே அந்தப் பதவி தன்னைத்தான் சேரும் என்று முடிவெடுத்துவிட்டார். எங்கள் அணிக்குக் கைகொடுத்தார், எதிரணிக்கும் கொடுத்தார். நடுவர் தலையை லேசாகத் தாழ்த்திக் கைகொடுத்தார். என்னிடம் வந்தபோது முன்பின் தெரியாத ஆளைப்போலக் கையைக் குலுக்கிவிட்டு, "நல்லா விளையாடு" என்று மெதுவாகச் சொன்னார். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

யார் அவர் என்று பயிற்சியாளர் கேட்டார். என் அண்ணன், இது எங்கள் ஊர் வழக்கம் என்றேன். அவர் நெடுநேரம் சிரித்தார்.

ஆட்டம் எங்கள் கையை விட்டுப் போனது. நான் வாங்கில் இருந்தேன். ஒவ்வொரு முறை ஆள் மாற்றும்போதும் அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கடைசி நிமிடங்களில், இனி யார் விளையாடினாலும் ஒன்றுதான் என்ற நிலையில், பயிற்சியாளர் என் தோளில் தட்டினார்.

"போ. உன் விருந்தினர் காத்திருக்கிறார்."

போன உடனேயே ஒருவன் என்னை இடித்து விழுத்தினான். அதற்குத் தண்டமாக, யாரும் மறிக்காமல் எறிய எனக்கு இரண்டு எறிதல்கள் கிடைத்தன. எங்கள் பள்ளிக்கூடப் பாதிரியார் பழக்கியது போலவே, பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவே இறக்கி, வாளித் தண்ணீரை வீசுவதுபோல் மேலே வீசினேன். பாட்டன் காலத்து எறி. மண்டபம் கொல்லென்று சிரித்தது. பந்து கூடைக்குள் விழுந்தது. சிரிப்பு நின்றது. இரண்டாவது பந்து கூடையையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. எழும்பி நின்று கைதட்டியவர் அண்ணன் ஒருவர்தான்.

பஸ்ஸில் அவர் கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்தார். நான் விமானத்துக்குள் விளக்குமாறு பிடிக்க மனதைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன்.

"பக்கத்தில இருந்த மனிசன் எல்லாம் சொன்னவர்" என்றார். "இது தோத்தவங்களுக்கு வைக்கிற போட்டியாம்."

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும், அண்ணன்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மட ஊரில தோத்தா ஓட வேணும். நாம ஓடித்தானே வந்த. இவங்க தோத்தவனக் கூப்பிட்டு இன்னொருக்கா விளையாடு எண்டுறாங்க. நீ படி தம்பி. சுப்பவைசருக்கு நான் சொல்லுறன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க முகத்தைத் திருப்பினேன். அவர் என் முழங்காலில் தட்டினார்.

"பந்த மட்டும் விட்டுரு."