சந்தனம் பூசிய வலை விளக்கு

பித்தளை அடிப்பாகம், நடுவில் தடித்த கண்ணாடி, அதற்கு மேல் சல்லடை போலக் கம்பிவலைக் கூடு. என் கிடங்கில் ஆணியில் தொங்கும் இந்த விளக்கைத் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எங்கள் பழைய மேஸ்திரியின் நினைப்பு வருகிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

தாமிரபரணிக் கரையில் கருப்பட்டியிலிருந்து சீனி எடுக்கும் ஆலையில் நான் கிடங்குக்காரன். கழிவுப்பாகு தேங்குவதற்கு நிலத்துக்கடியில் இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு தொட்டி உண்டு. பாகு புளித்தால் அடியில் கெட்ட காற்று கட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. வண்டல் அள்ள ஆள் இறங்குமுன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்குவார்கள். எரிந்தால் இறங்கலாம், சுடர் சுருங்கினால் கூடாது. வேலை முடிந்ததும் எண்ணெயை வடித்து, வலையைத் துலக்கிக் காயவைத்து, சுண்ணாம்பு மூட்டைத் தூசி படாமல் தள்ளி மாட்டிவைப்பது என் வேலை. மேஸ்திரிக்கும் எனக்கும் ஒரே வயது. அவர் பேசுவார், நான் பேசமாட்டேன்.

அந்த வருஷம் ஆயுதபூஜையன்று கிடங்குச் சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். விளக்குக்கு மட்டும் பொட்டு போதாது என்று பட்டது. ஆள் உயிரைக் காக்கிற பொருள் அல்லவா? அம்மனுக்குச் செய்வதுபோல் வலை முழுவதும் சந்தனக்காப்பு சாத்தினேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்தபோது மேலே பளிச்சென்று ஆகிவிட்டது. வலைக்கண்களுக்குள் சந்தனம் போய் இறுகியிருந்ததை நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் தொட்டி வேலை. பாதி ஆழம் போகுமுன் விளக்கு அணைந்தது. மேஸ்திரி மேலே இழுத்து மறுபடி ஏற்றினார். வெட்டவெளியிலேயே மங்கி அணைந்தது.

“அத்தான், விளக்குக்குப் பூசைச் சுண்டல் செரிக்கலை போல!” என்றான் அவருடைய மச்சினன். எல்லாரும் சிரித்தார்கள். வலையைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது: சந்தனம் அடைத்து, சுடருக்குக் காற்று போக வழியில்லை. அத்தனை பேர் நடுவில் சொல்ல நாக்கு எழவில்லை.

“வெளிக்காத்துலயே அணையுதுன்னா விளக்குலதான் கோளாறு. போன வாரம்தான அள்ளுனோம்? ஏலே, பைய எறங்கு,” என்றார் மேஸ்திரி மச்சினனிடம். புதுப்பாகு வந்து காத்திருந்தது, அவருக்கு அவசரம்.

ஏணியின் கடைசிப் படியில் மச்சினன் சத்தமில்லாமல் சரிந்தான். நல்லவேளை, இடுப்பில் கயிறு இருந்தது. ஐந்து பேராக இழுத்தோம். அவன் கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று. விளக்கிலும் கோளாறு, தொட்டியிலும் கெட்ட காற்று.

அணைந்த விளக்கை மீறி ஆளை இறக்கியதற்காக மேஸ்திரிக்கு வேலை போயிற்று. மானேஜர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் வலையை வெந்நீரில் ஊறவைத்துத் துலக்கி மாட்டினேன்.

ஒரு மாதம் அது என்னை அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டி பிடித்து, களக்காட்டில் இருந்த பழைய மேஸ்திரியைத் தேடிப் போனேன். வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும் வே. திரியை ஏத்துனதுமே சந்தனம் கருகுன வாசம் வந்துச்சு.”

“பெறகு ஏன் அண்ணாச்சி மானேஜர்ட்ட சொல்லலை?”

“சொல்லி? விளக்கு கெட்டுப்போச்சுன்னா தொட்டி நல்லாருக்குன்னு அர்த்தமா? நமக்கு ஒண்ணும் தெரியலன்னுதான அர்த்தம். தெரியாத எடத்துல ஆளை எறக்குனது நாந்தான.” மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். “அதை விடும். புது மேஸ்திரிட்ட இதைச் சொல்லிட்டீரா?”

சொல்லவில்லை. களக்காடு வரை வரத் துணிந்தவனுக்கு, கிடங்குக்கு எதிரே நிற்கிறவரிடம் பேசத் துணிவில்லை.

“அவரு என்னைக்கு எறக்குதாரு?”

“நாளைக்குக் காலையில.”

“அப்ப இங்கன நின்னு என்ன செய்யுதீரு? வண்டியைப் பிடியும்.”

மறுநாள் காலையில் தொட்டியருகே போய் நின்றேன். ஆட்கள் எல்லாரும் பார்க்க, விளக்கை ஏற்றி முதலில் வெளியிலேயே வைத்து எரியவிட்டுக் காட்டினேன். இங்கே அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது என்றேன்.

“யாரு வே சொன்னது?” என்றார் புது மேஸ்திரி.

“போன மாசம் வலையைச் சந்தனத்தால அடைச்சவன். நாந்தான்.”

அதன் பிறகு ஒவ்வொரு புது ஆளிடமும் இதையே சொல்லி வருகிறேன். சிலர் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கு இன்னும் அது எளிதாகவில்லை.